இரவு 23:14:07

மியூனிக்கிலிருந்து தடித்த உறை. பதினோரு பக்கம்.
பூவிழிச்செல்வி மாசிலாமணி.
மாக்டெபுர்க் பல்கலைக்கழகம் நான்கு செமஸ்டராகத்
தப்பாகவே எழுதிவரும் பெயர்
வக்கீல் ஆபீசுக்குச் சரியாக வந்துவிட்டது.

நவம்பர் ஒன்பது, இரவு 23:14:07.
உங்கள் இணைப்பிலிருந்து ஒரு திரைப்படம்
உலகத்துக்கு விநியோகிக்கப்பட்டது என்கிறார்கள்.
விநியோகஸ்தர் ஆகிவிட்டேன், அப்பாவிடம் சொல்லலாம்
தொகையைக் கேட்காதவரை.

தொள்ளாயிரத்துப் பதினைந்து யூரோ.
காலி பாட்டில் திருப்பிக் கொடுத்தால் இருபத்தைந்து சென்ட்;
அப்படியென்றால் மூவாயிரத்து அறுநூற்று அறுபது பாட்டில்.
அத்தனையும் குடித்துத் தீர்க்க
எல்பே ஆற்றைத்தான் திருப்பிவிட வேண்டும்.

அந்த ஏழாவது விநாடியில் நான்
ஊருக்கு வெளியே பார்சல் கிடங்கில்
பெல்ட்டில் வந்த யாருடைய ஷூ பெட்டியையோ
லைப்சிக் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தேன்.
ஆனால் வைஃபை என் பெயரில்.
இந்த வீட்டுக்கு முதலில் வந்தவள் நான்,
வந்தவள்தானே கையெழுத்துப் போட வேண்டும்.

சமையலறையில் கூடினோம்.
நான் இல்லை என்றான் ஜெரோம்.
நான் சீரியல்தான் பார்ப்பேன் என்றாள் ரிஸ்வானா.
தாளிப்பு கருகுது என்றான் இளம்பரிதி.
மறுநாள் காலை
மூன்று வாரமாய்த் தொட்டியில் கிடந்த சட்டி, கரண்டி, குக்கர் மூடி
பளபளவென்று கவிழ்ந்திருந்தன.
அதுதான் வாக்குமூலம்.

"வேற்றுக்கிரகப் படம். தமிழ் டப்பிங்.
அந்தப் பச்சை ராட்சசன்
'எடுறா அந்த வீச்சரிவாளை'ன்னு சொல்வான் பாரு,
அதுக்காகத்தான்."

நுகர்வோர் ஆலோசனை மையத்தில் ஓர் அம்மாள்
கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து
அவர்கள் தாளில் அப்படியே கையெழுத்திடாதே என்றார்.
நானூற்றைம்பதுக்கு இறங்கினார்கள்.
மாதம் ஐம்பது தருவதாக இளம்பரிதி சொன்னான்.
இரண்டு மாதம் தந்தான்.
மூன்றாம் மாதம் முட்டை வாங்கி வந்தான்.

டிசம்பரில் சட்டத்தின் பக்கம் குடியேறினோம்.
பாட்டுக்கு மாணவர் சலுகை, சான்றிதழை ஏற்றிக் காட்டினால்.
அதே படம், நாற்பத்தெட்டு மணி நேர வாடகை,
மூன்று யூரோ தொண்ணூற்றொன்பது.
ஆளுக்கு ஒன்று போட்டோம். ஒரு சென்ட் மிச்சம்.

படம் கண்ணாடிபோல் இருந்தது.
குறுக்கே எழுந்துபோகும் தலை இல்லை,
எந்த ஊர் தியேட்டரின் இருமலோ, அதுவும் இல்லை.
ராட்சசன் வந்தான்.
ஜெர்மனில் பேசினான். மாற்றினால் ஆங்கிலம்.
மூன்றாவது மொழி பட்டியலிலேயே இல்லை.

ரிஸ்வானா ஒலியை அணைத்தாள்.
ஜெரோம் தளபதி ஆனான், தூத்துக்குடிக்காரத் தளபதி:
"ஏலே, கப்பலைத் திருப்புல."
அழுகிற விஞ்ஞானி நான்.
இளம்பரிதி தொண்டையைச் செருமி, எழுந்து நின்று
வீச்சரிவாளைக் கேட்டான்.
கீழ்வீட்டு ஃப்ராவ் க்ரோனெபெர்க்
துடைப்பக் கட்டையால் தன் கூரையை இடித்தார்;
அதையும் வெடிச்சத்தத்தில் சேர்த்துக்கொண்டோம்.

முடிவில் பெயர்கள் ஓடத் தொடங்கின.
விளக்குப் பிடித்தவர், தையல்காரர், சோறு போட்டவர்…
ஐந்து விநாடிதான். திரை அவர்களைத்
தபால்தலை அளவுக்குச் சுருக்கி மூலைக்குத் தள்ளி
அடுத்த படத்தை நீட்டியது.
திருட்டுப் பிரதியிலும் இந்த இடத்தில்தான் வெட்டுவான் என்றான் இளம்பரிதி.
ஒருவரும் பதில் சொல்லவில்லை.

இப்போது ஏப்ரல். ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டேன்.
இறக்கிவைத்த அறுநூறு பாட்டும்
கிடங்குக்குப் போகும் கடைசி டிராமில் கூடவே வருகின்றன,
சந்தா உள்ளவரை.
நேற்று பாட்டின் நடுவே ஒரு கேள்வி:
நீங்கள் இன்னும் மாணவர்தானா?

அட்டையை எடுத்துப் பார்த்தேன்.
செப்டம்பர் முப்பது வரை என்றிருந்தது.
ஆம் என்று அழுத்தினேன்.
பொய்யில்லை, இன்றைக்கு.