அளவுச் சக்கரம்

பார்க்க வந்த மூன்றாவது இடம் இது.
முதலாவதில் நீச்சல் குளம் இருந்தது,
குளத்தில் யாரும் இல்லை.
இரண்டாவதில் சூப் பிரமாதம்.
கெரிட் இரண்டு கிண்ணம் குடித்தான்,
மாதக் கட்டணம் கேட்டதும்
கரண்டியை மெல்லக் கீழே வைத்தான்.

மிச்சிகன் ஏரியைத் தாண்டி வரும் பனி
நவம்பரிலேயே இங்கே குடியேறிவிடும்.
அதற்கு நுழைவுக் கட்டணம் கிடையாது.
எங்களுக்கு உண்டு:
வீட்டை விற்றால் கிடைப்பதில்
கார் போக மீதி எல்லாம்.

நாற்பத்தொரு வருடம்
ஊரார் வரிக் கணக்கை எழுதியவள் நான்.
எந்த ஒப்பந்தத்தையும் பின்னாலிருந்துதான் படிப்பேன்.
அறுபத்து மூன்றாம் பக்கம், பொடி எழுத்து:
நிரந்தர இடமாற்றம்.
"குடியிருப்போர் இருவரில் ஒருவர்"
என்று ஆரம்பிக்கிறது.
எந்த ஒருவர் என்பதை
நிரப்பாமல் விட்டிருக்கிறார்கள்.

மாதிரி வீட்டின் மேசையில் மெழுகுப் பேரிக்காய்கள்.
அடுப்புக் கதவில் இன்னும் உரிக்காத விலைச்சீட்டு.
இருவர் படுக்கும் கட்டில்.
"இங்கே வந்துவிட்டால்
அப்புறம் நீங்கள் எங்கேயும் போக வேண்டியதில்லை"
என்றாள் தாலியா, சாவிக் கொத்துப் பெண்.
சொன்னது தன் காதிலேயே விழுந்ததோ என்னவோ,
திரைச்சீலையைச் சரிசெய்யப் போனாள்.

கெரிட் காருக்குப் போய்
அளவுச் சக்கரத்தோடு திரும்பினான்.
மாவட்டச் சாலைகளை எல்லாம்
முப்பத்தைந்து வருடம் உருட்டி அளந்த சக்கரம்.
அடிக்கொரு தரம் 'கடக்' என்னும்.
"அந்தக் கட்டடம் எங்கே?" என்றான்.
"எந்தக் கட்டடம்?"
"நீங்கள் காட்டாத கட்டடம்."

நூற்றுப் பதினெட்டாம் எண் வாசலில் பூஜ்யம்.
கடக். கடக்.
சீட்டாட்ட அறையில் நால்வர் நிமிர்ந்தார்கள்,
ஒருவர் காலைத் தூக்கி வழி விட்டார்.
முடிதிருத்தும் அறையில்
சூடான கூண்டுக்குள் தலையை வைத்து
ஒருத்தி தூங்கிக்கொண்டிருந்தாள்.
கடக்.
கம்பளம் முடிந்து வழவழத்த தரை.
சுவரில் கைப்பிடிக் கம்பி,
முதலில் ஒரு பக்கம்,
பிறகு இரண்டு பக்கமும்.
கதவுகள் அகலமாகிக்கொண்டே போயின.
கடைசிக் கதவுக்கு எண் பூட்டு.
அந்த எண்ணை
கதவுக்கு மேலேயே எழுதி ஒட்டியிருந்தார்கள்.
படித்து, நினைவு வைத்து, அழுத்த முடிந்தவர்
போகலாம், வரலாம்.

உள்ளே மஞ்சள் கம்பளிச் சட்டையில் ஒரு பெண்
சக்கரத்தைப் பார்த்துவிட்டு,
"புல் வெட்டியாயிற்றா?" என்றாள்.
"பின்பக்கம் மட்டும் பாக்கி" என்றான் கெரிட்.
"மழைக்கு முன்னால் முடித்துவிடு."
"சரி, அம்மா."

பக்கத்தில் அவள் கணவர் ஓர்வில்,
கிண்ணத்தில் பீச் பழத்தைக்
கரண்டியால் வகுந்துகொண்டிருந்தார்.
முன் கட்டடத்தில் இருக்கிறாராம்,
காலை பத்துக்கும் மாலை நாலுக்கும் வருவாராம்.
"எவ்வளவு காட்டுகிறது?"
"அறுநூற்றுப் பன்னிரண்டு அடி."
சக்கரத்தை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார்.
"குறைத்துச் சொல்கிறது உங்கள் வண்டி."

காரில் வைப்பர் மட்டும் பேசிக்கொண்டு வந்தது.
மஸ்கீகன் சிக்னலில் நின்றபோது
குறிப்பேட்டில் பென்சிலால் எழுதினான்:
612. கூரை உண்டு. ஒரே ஒரு சரிவு.
இரண்டாவது இடத்தில்
நடுவே நெடுஞ்சாலை,
நாளுக்கு இரண்டு தடவை வேன்.
அதை அடித்தான்.

"உன் முட்டி அந்தச் சரிவைத் தாங்குமா?"

நான் அதுவரை
அவன் இதயத்துக்கு அறுநூறடி அதிகமா என்றுதான்
கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.
கட்டிலில் அவன் தன்னைப் படுக்க வைத்திருக்கிறான்.
நான் என்னை.
இருவரும் மற்றவரை நடக்க விட்டுவிட்டு
காத்துக்கொண்டு கிடந்திருக்கிறோம்,
அதே அறையில், அதே ஜன்னலோரம்.

"தாங்கும்" என்றேன்.
விளக்கு பச்சைக்கு மாறியது.
பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள்.

பாலத்தைத் தாண்டும்போதுதான்
கெரிட்டுக்கு ஞாபகம் வந்தது:
அங்கே சூப் எப்படி இருக்கும் என்று
கேட்கவே இல்லை.