நான்காம் முறை

வலது பக்கத்திலிருந்து தொடங்கவேண்டும்.
அதுதான் முறை.
வெளியே வ்லாஷிச் மலை பனிக்குள் போய்விட்டது.
உறைந்த நிலத்தில் ஆண்கள் குழி தோண்டுகிறார்கள்;
கடப்பாரை கல்லில் படும் ஓசை
சமையலறை வரை கேட்கிறது.

பெஹியா,
முப்பது ஆண்டுகளாக உன் வாசற்படியை நான் மிதித்ததில்லை.
இன்று விடியுமுன் உன் மகள் செனிதா
என் கதவைத் தட்டினாள். கண்ணைப் பார்க்கவில்லை.
இந்த மேட்டுத் தெருவில்
பெண் மய்யித்தைக் குளிப்பாட்டத் தெரிந்தவள்
நான் ஒருத்திதான்.
அவளுக்கும் வேறு வழியில்லை, எனக்கும்.

தண்ணீரை முழங்கையில் விட்டுப் பார்த்தேன்,
பிறந்த குழந்தைக்குப் பார்ப்பதுபோல.
தொப்புளிலிருந்து முழங்கால்வரை துணி.
பிஸ்மில்லாஹ்.
நீ இனிமேல் செய்துகொள்ள முடியாத ஒளுவை
உன் கைகளுக்கு நான் செய்தேன்.
என்னை நோக்கி நீண்ட அந்தச் சுட்டுவிரலையும்
மெதுவாகத்தான் கழுவினேன்.

போரின் இரண்டாம் குளிர்காலம்,
நிலவறையில் நாற்பது பேர், ஒரு விளக்கு.
உன் தாய் விட்டுப்போன தங்கக்காசைக் காணவில்லை என்றாய்.
'ஸும்ரா என் பக்கத்தில்தான் படுத்திருந்தாள்' என்றாய்.
அவ்வளவுதான் சொன்னாய்.
மீதியை ஊர் சொல்லிக்கொண்டது.

தண்ணீர் ஊற்ற வந்த ரமீஸா
இன்னொரு வாளி கொண்டுவரப் போயிருந்தாள்.
உன் கம்பளி உள்சட்டையைக் கழற்றி மடித்தேன்.
இரவிலும் அம்மா அதைக் கழற்றமாட்டாள் என்று
செனிதா சொல்லியிருந்தாள்.
ஒட்டுக்கு மேல் ஒட்டு, எல்லாம் உன் தையல்.
ஓர மடிப்பில் ஏதோ வட்டமாக,
கெட்டியாக.
நகத்தால் நூலைப் பிரித்தேன்.

மறந்தாயா, மறைத்தாயா?
உதடு ஒட்டியிருந்தது உனக்கு.
செயல்களெல்லாம் நிய்யத்தைக் கொண்டே என்பார்கள்;
உன் நிய்யத்தை
நீ கையோடு கொண்டுபோய்விட்டாய்.

ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும்.
முன்னறை முழுக்கப் பெண்கள்.
முப்பது ஆண்டு ஒரே மூச்சில் திரும்பியிருக்கும்.
ஆனால் குளிப்பாட்டுகிறவள்
கண்டதை வெளியே சொல்லக்கூடாது.
அடுத்தவர் குறையை மறைத்தால்
அவன் நம் குறையை மறைப்பான்.
காசோ அமானிதம், வாரிசுக்குப் போகவேண்டும்.
இரண்டு கட்டளைகளுக்கு நடுவே
ஈரக் கையோடு நின்றேன்.
கோபமும் இருந்தது, அதை ஏன் ஒளிக்க?

அடுப்போரம் பித்தளைக் காப்பி அரைவை.
அடிக்குழலைத் திருகிக் காசை உள்ளே போட்டேன்.
ரமீஸா வாளியோடு வந்தாள்.
மூன்றாம் தண்ணீரில் கற்பூரம் கரைத்தோம்.
ஐந்து துண்டு வெள்ளைத்துணி.
தலையைச் சுற்றும்போது
உன் நரைமுடி என் வளையலில் சிக்கியது;
அறுக்காமல் எடுக்க நேரமாயிற்று.

முற்றத்தில் ஜனாஸா.
பெண்கள் நாங்கள் சன்னலுக்குப் பின்னே.
ஹோஜா கேட்டார்:
இவள் உங்களுக்கு வைத்த பாக்கியை
ஹலாலாக்கிவிட்டீர்களா?
'ஹலால்' என்றார்கள் ஆண்கள், வாயில் ஆவி பறக்க.
தனக்குச் சேரவேண்டியதை அல்லாஹ் மன்னிப்பான்;
எனக்குச் சேரவேண்டியதை
நான் விடும்வரை அவனும் காத்திருப்பான்.
அது எவ்வளவு பெரிய அதிகாரம்,
பாத்திரம் கழுவி வெடித்த இந்தக் கைக்கு!
இரண்டாம் முறை கேட்டார்.
சன்னல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.
மூன்றாம் முறை உதடு அசைந்தது.
ஒலி வந்ததா என்பது
தோளில் உட்கார்ந்து எழுதுகிற இருவருக்கே தெரியும்.

மாலை தெவ்ஹீது ஓதப் பெண்கள் கூடினோம்.
நீண்ட தஸ்பீஹ் மாலை மடியிலிருந்து மடிக்கு நகர்ந்தது.
லா இலாஹ இல்லல்லாஹ்.
உள்ளே செனிதா காப்பி அரைக்கும் சத்தம்,
நின்றது.
வெகுநேரம் நின்றது.
தட்டோடு வந்தபோது அவள் கண் சிவந்திருந்தது.
எனக்கு முதல் கோப்பை.
ஒன்றும் சொல்லவில்லை.
மகள் அல்லவா, அவளும் மறைப்பாள்.

மணி என் விரலுக்கு வந்தது.
பக்கத்தில் இருந்த புதுமருமகள்,
யார் சொல்லிக் கொடுத்தார்களோ,
தன் கைப்பையை எடுத்து
மறுபக்கம் வைத்துக்கொண்டாள்.

நான்காம் முறை
யாரும் கேட்கவில்லை.
மணியை நகர்த்திக்கொண்டே
நானாகச் சொன்னேன்.