நானூறு கிராம்

நேற்று காலை எழுந்ததிலிருந்து
இரவு படுக்கிற வரைக்கும்
வாயில் போட்டதெல்லாம் சொல்லுங்கள் என்று
கேட்கச் சொல்கிறது படிவம்.

கோரையாற்றுத் தென்கரை.
கடைசி மடைக்கும் கீழே நாற்பத்தோரு வீடு.
குறுவை அறுப்பு முடிந்து மழை பிடித்த வாரம்.
கொள்முதல் நிலையத்து வாசலில்
தார்ப்பாய்க்குள் வேர்த்துக் கிடக்கிறது நெல்.
ஈரப்பதம் பத்தொன்பது.
பதினேழுக்கு இறங்கினால்தான் எடுப்பார்களாம்.
அதைப் பார்க்க ஒரு கருவி வைத்திருக்கிறார்கள்.
என்னிடமும் ஒன்று இருக்கிறது.
அங்கே சிந்தின நெல்லைக் கூட்டி அள்ளும்
தையல்நாயகியின் விரலில் குத்திப் பார்த்தேன்:
ஏழு புள்ளி எட்டு.
பன்னிரண்டு இருக்கணும் அக்கா என்றேன்.
"நெல்லுன்னா காயவச்சுக் கொண்டாம்பாங்க.
என்னைய எதுல வச்சுக் கொண்டாரச் சொல்ற?"

நேற்று ராத்திரி நத்தை என்றாள் வள்ளிக்கொடி,
மிளகு தட்டிப் போட்டு.
படிவத்தில் கோழி இருக்கிறது, ஆடு இருக்கிறது,
பாலாடைக்கட்டிகூட இருக்கிறது.
நத்தைக்குக் கட்டமில்லை.
தொண்ணூற்றெட்டு: மற்றவை.
நண்டு?
"மருந்தடிச்ச வயல்ல நண்டு ஏதுங்க."
முட்டை?
"உண்டுங்க, வாரம் ரெண்டு."
பின்னால் நின்ற மகள்
இரண்டு விரலைக் காட்டி
ஒன்றை மடக்கி
மிச்சத்தால் தம்பியைச் சுட்டினாள்.
தாய் சொல்வதைத்தான் நான் எழுத வேண்டும்.
எழுதினேன்.

பூவரசங் கிளையில் தராசைக் கட்டி
துணிக் கால்சட்டைக்குள் பிள்ளைகளை இறக்கி
ஒவ்வொன்றாய்த் தூக்கினேன்.
ஒன்பது பேர்.
செங்கமலத்தின் மகன் கவின்
போன மாசம் எட்டு முந்நூறு,
இன்று எட்டு எழுநூறு.
அவள் அங்கேயே போனைப் போட்டாள், திருப்பூருக்கு.
"நானூறு ஏறிருக்காம்!"
சாயப்பட்டறை இரைச்சலுக்குள்ளிருந்து
எவ்வளவு, எவ்வளவு என்று
திரும்பத் திரும்பக் கேட்டது அந்தக் குரல்.

மத்தியானம் மொபெட்டை நிறுத்தினாள் மீன்கார ஜெசிந்தா.
"என்னா தராசு இது, கறிக்கடை போடுறியா?"
விளையாட்டுக்குத் தன் இரண்டு கிலோ கல்லைத்
தொங்கவிட்டாள் கொக்கியில்.
முள் இரண்டு நானூறில் நின்றது.
"என் கல்லுல முத்திரை இருக்கு தாயி, பாத்துக்க."

கல்லை எடுத்துவிட்டுப் பார்த்தேன்.
வெறுங் கொக்கியிலேயே நானூறு.
காலையிலிருந்து நான் பிள்ளைகளைத்தான் பார்த்தேன்,
முள் எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்க்கவில்லை.

ரோட்டோரம் உட்கார்ந்து
ஒன்பது பேரிடமிருந்தும்
நானூறு நானூறாய்த் திரும்ப எடுத்தேன்.
இரண்டு பேர் மஞ்சளிலிருந்து சிவப்புக்குப் போனார்கள்,
வீட்டை விட்டு நகராமலே.
எடுத்ததைக் கூட்டினேன், எதற்கென்று தெரியவில்லை.
மூன்று கிலோ அறுநூறு.
இந்தத் தெருவில் இந்த வருசம்
எந்தப் பிள்ளையும் அந்த எடையோடு பிறக்கவில்லை.
பேரேட்டில் பார்த்தேன்.

கூட்டிக் கழித்து அலுவலகத்திலேயே திருத்தலாம்.
யாருக்கும் தெரியாது.
அவள் வாசலில்
அவிச்ச கிழங்கை ஊதி ஊதி
அவனுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள்.
நான் சொன்னதும்
கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை.
கொஞ்ச நேரம் ஊதிக்கொண்டே இருந்தாள்,
ஆறிப்போன கிழங்கை.
"இன்னொருவாட்டி தூக்குங்க.
இப்பத்தான் தின்னுருக்கான்."

அவனுக்கு என்ன தெரியும்,
தராசைப் பார்த்ததும் கையை நீட்டிக்கொண்டு ஓடி வந்தான்.
ஊஞ்சல் என்று நினைத்திருக்கிறான்.
பூஜ்யத்தில் முள்ளை நிறுத்தி, மறுபடி பார்த்து,
தூக்கினேன்.
காலை உதைத்து உதைத்துச் சிரிக்கிறான்.
முள் எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில்
நிலைகொள்ளாமல் ஆடுகிறது.

அது நின்றால்தான் எழுத முடியும்.
அதற்கு முதலில்
இவன் சிரிப்பது நிற்க வேண்டும்.