கந்தகப் புகை

ஐஸ்லாந்து, நவம்பர் 1918

என் பெயர் கெஸ்தூர்.
எங்கள் மொழியில் விருந்தாளி என்று பொருள்.
வடக்கே போகும் ஒரே பாதையில்
துப்பாக்கியோடு நிற்கிறேன்,
வருகிறவரைத் திருப்பி அனுப்ப.

நேற்று ஒருவன் கிடாய் வாங்க வந்தான்.
அதற்கு முன் ஒருத்தி, பிரசவத்துக்குத் தாய்வீடு போக.
எட்டு மாதம். திரும்பிப் போனாள்.
அவள் குதிரையின் குளம்புத் தடத்தைப் பனி மூடும்வரை
நான் உட்காரவில்லை.

ரெய்க்யவிக்கில் சவப்பெட்டிக்குப் பலகை இல்லையாம்.
தபால்கார அஸ்முந்தூர்
ஆற்றுக்கு அப்பாலிருந்தே கத்திச் சொன்னான்.
பையைப் பாறைமேல் வைத்துவிட்டு விலகினான்.
எனக்குத் தொண்டை அரித்தது,
இருமவில்லை.

இடுக்கியால் ஒவ்வொன்றாய் எடுக்கிறேன்.
பாதிரியாருக்கு நான்கு.
கடைக்காரருக்குப் பாக்கிக் கணக்கு.
பிறகு ஒன்று, எனக்கு.

என் பெயரின் முதல் எழுத்துக்கு
தங்கை சோல்வெய்க் நீளமாய் வால் இழுப்பாள்.
இதில் வால் இல்லை.
வேறு யாரோ, நிதானமான கை.

எந்தக் கடிதமானாலும் புகையில் ஒரு மணி நேரம்.
கூட்டத்தில் அதற்கு முதலில் கைதூக்கியவன் நான்.
மற்றவற்றோடு அதையும் கயிற்றில் மாட்டினேன்.

புகைதான் கண்ணைக் கரிக்கிறது
என்று சொல்லிக்கொள்ள
இன்னும் நாற்பது நிமிடம் இருக்கிறது.