ஒரு கையெழுத்து போதும்

இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு வாங்கிய வீட்டை
ஒருவர் கையெழுத்தில் முடித்துவிடலாமாம்.
வீட்டுவசதிக் கழகத்தில் அந்தப் பெண் சொன்னபோது
நம்பாமல் இன்னொரு முறை கேட்டேன்.
"ஒன்று போதும்" என்றாள்,
ஸ்டேப்ளரில் முள் தீர்ந்துபோன எரிச்சலில்.

நான்கு வார நோட்டீஸ். ஞாயிறு முடிய வேண்டும்.
திங்கள் பகல் பன்னிரண்டுக்குள் சாவி.
ஒரு நிமிடம் தாண்டினாலும் இன்னொரு வார வாடகை.
காலி செய்யும் காரணம், ஒன்றில் மட்டும் டிக் செய்க:
வேலை. பெரிய வீடு. சிறிய வீடு. இறப்பு. பிற.
'பிற'வுக்குப் பக்கத்தில் ஒரு கோடு,
என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை.
அதில் 'பிற' என்றே எழுதினேன்.
படிவத்தில் ஹேடாக் மீன் வாடை.
ஆலையிலிருந்து நேரே போயிருந்தேன்,
வீட்டுக்குப் போய்க் கை கழுவினால்
மனசு மாறிவிடும் என்று.

கார்த், நீ அப்போது கடலில் இருந்தாய்,
காற்றாலைகளுக்கு நடுவே, கயிற்றில் தொங்கியபடி.
கிரிம்ஸ்பியில் எல்லோரும் உன்னைத் தைரியசாலி என்பார்கள்.
உனக்கும் ஒரு கடிதம் வரும் என்றார்கள்.
வந்தது, இதே முகவரிக்கு.
மீட்டர் பெட்டிமேல் பிரிக்காமல் வைத்துவிட்டு
லவுத்துக்கு பஸ் ஏறினேன், அக்கா வீட்டுக்கு,
ஒரு பையும் கெட்டிலுமாக.
கெட்டில் எதற்கு என்று அக்கா கேட்டாள்.
என் காசில் வாங்கியது அது ஒன்றுதான்
கையில் தூக்குகிற மாதிரி இருந்தது.

நீ கரைக்கு வந்ததும் அலுவலகத்துக்கு போன் செய்தாயாம்,
கத்தினாயாம்.
எனக்குச் சொன்னது மாடிவீட்டு மாக்ஸீன்.
பதினொரு வருடமாக மேலேயிருந்து
எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவள்.

நீ திரும்பக் கடலுக்குப் போன பிறகு
திர்க்கெல் என்பவர் வந்தார், வீடு பார்க்க.
ஷூவுக்கு நீல உறை மாட்டிக்கொண்டார்.
குழாய்களைத் திறந்தார், மூடினார்.
குளியலறைக் கறுப்புப் பூஞ்சணத்தைப் பார்த்து
"இது எங்கள் தப்பு" என்றார்.
அப்படி ஒரு வாக்கியம்
அந்தச் சுவர்களுக்குப் புதிது.

சமையலறைக் கதவில் காலண்டர்,
இரண்டு வருடமாக மார்ச்சிலேயே நிற்பது.
அதைத் தூக்கிப் பார்த்தார்.
என் காதுக்கு நேர் உயரம். உன் முஷ்டி அளவு.
கதவு மாற்ற நூற்று முப்பது பவுண்ட் என்று
பட்டியலில் ஏற்கெனவே படித்திருந்தேன்.
ஓட்டையைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.
காலண்டரை மெல்லத் தொங்கவிட்டு
'வழக்கமான தேய்மானம்' என்று எழுதிக்கொண்டார்.

நன்றி சொல்லியிருக்கலாம்.
முதலில் வந்தது கோபம்தான்.
தேய்மானமா அது?
அப்புறம் நூற்று முப்பது பவுண்ட் ஞாபகம் வந்தது.
வாயை மூடிக்கொண்டேன்,
பழக்கமான வேலைதானே.

கடைசித் திங்கட்கிழமை துடைக்கப் போனபோது
ரொட்டி டப்பாவுக்குள் உன் சாவி.
சீட்டில்லை, ஒன்றுமில்லை.
என்ன நினைத்து வைத்தாய் என்று
தெரியவே போவதில்லை எனக்கு.
ஒரு ரொட்டித் துணுக்கு அதன் பல்லில் ஒட்டியிருந்தது.

பதினொன்று ஐம்பதுக்கு வரிசையில் மூன்றாவது ஆள் நான்.
முன்னால் நின்றவர் இறந்த தம்பியின் வீட்டை முடிக்க வந்தவர்,
நேரமாகிறதே என்று என்னை முன்னே விட்டார்.
இரண்டு சாவிகளையும் ஒரு கவரில் போட்டு
அந்தப் பெண் ஓரத்தை நாக்கால் நனைத்து ஒட்டினாள்.

மின்சார மீட்டரில் நான்கு பவுண்ட் மிச்சம்.
எடுக்க முடியாதாம்.
அடுத்து வருகிறவள் யாரோ,
விளக்கைப் போட்டதும் எரியும்.