வாசிப்பு எடுக்க முடியாமைக்கான காரணம்

கருவியில் ஐந்து காரணங்கள் உண்டு:
கதவு பூட்டு. நாய். மீட்டர் பழுது.
கண்ணாடி மங்கல். ஏற்கெனவே துண்டிப்பு.
ஆறாவது, 'வேறு'.
அதைத் தொட்டால் விளக்கம் எழுத வேண்டும்,
யாரும் தொடுவதில்லை.

பெப்ரவரியில்
நிந்தவூர்க் கடற்கரை ஒழுங்கையின்
கடைசி வீட்டுக்கு முன்னால் நின்றேன்.
வீடு என்பது பழக்கத்தில் வந்த சொல்.
நின்றது ஒரு கிணறு மட்டும்.
சுற்றியிருந்த மண் போய்விட்டதால்
வளையம் வளையமாக
நிலத்துக்கு மேலே எழும்பி நின்ற கிணறு.

'கதவு பூட்டு' என்று அழுத்தினேன்.
கதவு எங்கோ மிதந்துகொண்டிருக்கும்,
பூட்டித்தான் இருக்கும்.
ஜெஸீமா ராத்தா இன்னும்
சாவியை இடுப்பில்தான் செருகியிருக்கிறா.

வாசிப்பு இல்லாத இடத்தில்
கணினி சராசரி போடும்.
மார்ச், ஏப்ரல், மே:
கடலுக்கு மாதம் அறுபத்திரண்டு அலகு.
ஒரு மின்விசிறி, ஒரு கிரைண்டர்,
சோதனைக்குப் படிக்கும் பிள்ளையின் குழல்விளக்கு,
எல்லாம் அலைக்கடியில் எரிவதாக
சிவப்பு எழுத்தில் பில் வந்தது.

தம்பி வீட்டுக் குசினியில் படுத்தெழும்புகிறவ
பில்லை மடித்துக்கொண்டு கந்தோருக்குப் போனா.
துண்டிக்க வேண்டுமென்றால்
மீட்டரைக் கொண்டுவந்து ஒப்படைக்கச் சொன்னார்கள்.
"எடுத்தவனிட்டக் கேளுங்க,
கிழக்கால நிக்கிறான்" என்றா.

ஊரில் இதற்கு இரண்டு கட்சி.
தெற்கே கட்டிய துறைமுகச் சுவர்தான்
மண்ணை மறித்தது என்கிறது ஒன்று.
உலகம் சூடாகிக் கடல் தடிக்கிறது என்கிறது மற்றது.
தேநீர்க்கடையில் மேசை தட்டுகிறார்கள்.
தென்னை இரு கட்சிக்கும்
ஒரே பக்கமாகத்தான் சாய்கிறது.

சித்திரை லீவில் எனக்கு வேறு வேலை.
கூரையில் சோலார் பூட்டியவர்களுக்குப் போன் எடுத்து
காலை ஒன்பதிலிருந்து மூன்று வரை
அணைத்து வைக்கச் சொல்ல வேண்டும்.
கடையெல்லாம் பூட்டு, தேவை குறைவு, கம்பி தாங்காது.
ஞாயிற்றுக்கிழமை ஞாயிறு வேண்டாம்.
பொய்யில்லை.
கம்பிக்கும் ஒரு நிதானம் உண்டென்று
பொறியியலாளர் படம் கீறிக் காட்டினார்.
வெயிலைச் சேர்த்துவைக்கும் பெட்டிகள்? கேட்டேன்.
அடுத்த திட்டத்தில், என்றார்.
நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலும்
அது அடுத்த திட்டத்தில்தான் இருந்தது.

ஐஸ் பெக்டரி உதுமாலெவ்வை ஹாஜியார்
சுவிட்சை அணைத்துவிட்டுச் சொன்னார்:
"பகலைக் கொட்டிப்போட்டு
ராவைக்கு டீசல் எரிக்கப் போறீங்க, என்ன மகன்?"
நான் அடுத்த இலக்கத்தை அழுத்தினேன்.

ஜூனில் கரைவலை இழுத்தபோது
கீரிமீனோடு ஒரு கறுப்புப் பெட்டி.
பாசியைச் சட்டை நுனியால் துடைத்தேன்.
கண்ணாடி உடையவில்லை.
04817.
ஜனவரியில் நான் எடுத்தது 04791.
இருபத்தாறு அலகு, ராத்தா கடைசியாக எரித்தது.
அதற்குப் பிறகு கடல் ஒன்றும் எடுக்கவில்லை.
சுத்தமான பூச்சியம்.

அப்படியென்றால் எரித்தது யார்,
அந்த பில் எந்த ஒழுங்கையில் கிடக்கிறது?
என் மோட்டார்சைக்கிள்
வெயிலில் சூடாறிக்கொண்டிருந்தது.
கொஞ்சம் அதுவும்தான்.

'வேறு' தொட்டேன்.
சின்னப் பெட்டி திறந்தது. எழுதினேன்:
கடல் எடுத்துவிட்டது. ஆள் இருக்கிறா.
அடுத்த கம்பத்துக்கு இன்னும் பதினொரு அடி
அதற்குமேல் எழுத்து ஏறவில்லை.

மீதியை ராத்தா கொப்பித்தாளில் எழுதினா.
கல்லணை எப்போது, காணி எங்கே,
சேர்த்துவைக்கும் பெட்டி எத்தனையாம் வருடம்.
பதிலுக்குத் திகதி போடச் சொல்லி
கடைசியில் ஒரு கோடும் இழுத்து விட்டிருந்தா.

திங்கட்கிழமை
கந்தோர் மேசையில் மீட்டரை வைத்தா.
உள்ளேயிருந்து மணல் ஒழுகி
படிவங்களுக்கு மேலே பரவியது.
கிளாக்கர் துணியை எடுத்தார்.
"இருக்கட்டும், அது என்ட வளவு" என்றா.

பின்னால் வரிசையில்
ஒழுங்கையின் பதின்மூன்று வீட்டார் நின்றார்கள்.
ஹாஜியாருக்கும் சுவருக்கும் இடையில்
சீருடையோடு நான்.