சனிக்கிழமை, ஏழு மணி, இரண்டாம் இயந்திரம்

இந்த ஊருக்கு இரண்டு பெயர்.
ரயில் நிலையப் பலகையில் பீல்,
ஒட்டினாற்போல் பியென்.
தெருக்களுக்கும் அப்படித்தான்:
ஒரே கம்பம், இரண்டு மொழி, எழுத்தின் உயரம்கூட மாறாது.
வந்த புதிதில் இரண்டு தெருக்கள் என்று நம்பி
ஒரே முனையில் கால் மணி நேரம் நின்றவள் நான்.

சர்வர்களும் இரண்டு.
முதன்மை இங்கே, கால்வாய்க் கரைக் கட்டடத்தின் நிலவறையில்.
நகல் ஓல்ட்டனில்.
இங்கே விழும் வரி
இமைப்பதற்குள் அங்கேயும் விழும்.
நொடிக்கொரு முறை விசாரித்துக்கொள்ளும் இரண்டும்:
இருக்கிறாயா?
இருக்கிறேன்.
இருக்கிறாயா?
இருக்கிறேன்.

பிப்ரவரி. பின்னிரவு இரண்டு நாற்பது.
கிரெஞ்சன் அருகே தண்டவாள வேலை.
ஜேசிபிக்கு எந்த நாட்டிலும் ஒரே குணம்,
தோண்டச் சொன்ன இடத்துக்கு ஒரு முழம் தள்ளியே தோண்டும்.
கேபிள் போயிற்று.

இருக்கிறாயா?

மௌனம் சம்மதம் என்போம் நாம்.
இயந்திரங்களிடம் மௌனம் மரணம்.
பேச்சு எட்டவில்லையா, பேசியவர் இல்லையா,
தொலைவிலிருந்து பிரித்தறிய வழியே கிடையாது.
ஓல்ட்டன் துக்கம்கூடக் காக்காமல்
தன்னைத் தலைவன் என்று அறிவித்துக்கொண்டது.
பீல் சாகவில்லை. அதுவும் தலைவன்தான்.
ஒரே உறைக்குள் இரண்டு வாள்,
பதினோரு நிமிடம்.

அந்த நேரத்தில் யார் விழித்திருப்பார்கள் என்கிறீர்களா?
மெட் குடியிருப்பின் ரொட்டிக்காரர் பெர்த்தூ,
வேலைக்குக் கிளம்புமுன் சலவை அறையைப் பதிவுசெய்தார்:
சனிக்கிழமை, ஏழு மணி, இரண்டாம் இயந்திரம்.
பீல் 'சரி' என்றது.
அதே கட்டடத்துத் தாதி ஏஷ்லிமான்,
மருத்துவமனை இடைவேளையில்,
எந்தக் கோபுரம் வழியாகவோ ஓல்ட்டனைத் தொட்டு
அதே சனி, அதே ஏழு, அதே இயந்திரம்.
ஓல்ட்டனும் 'சரி' என்றது.
பொய் சொல்லவில்லை இரண்டும்.

விடியலில் என்னை எழுப்பினார்கள்.
ஒரு வரலாற்றை வைத்துக்கொள், மற்றதை வீசு
என்பதுதான் விதி.
பீலை வைத்தேன்.
வீசுமுன் ஓல்ட்டனின் நாற்பத்து மூன்று வரிகளையும்
தாளில் அச்செடுத்து
பென்சிலோடு உட்கார்ந்தேன்.

வெந்நீர் மீட்டர் எண்கள்.
மூன்றாம் மாடிப் படிக்கட்டு விளக்கு எரியவில்லை.
மிதிவண்டிக் கொட்டகைச் சாவி தொலைந்தது.
நேரம் இரண்டு நாற்பத்தாறு:
'ஸூட்டர் – மொரே' கடிதப் பெட்டியிலிருந்து
'மொரே'யை எடுத்துவிடவும்.

நாற்பத்தொன்றைக் கையாலேயே சேர்த்தேன்.
சலவையைச் சேர்க்க முடியாது, இடம் ஒன்றுதான்.
கடிதப் பெட்டி யாரோடும் மோதவில்லை,
இருந்தும் கை போகவில்லை.
இருவருக்கும் மன்னிப்புக் கடிதம் எழுதினேன்:
பழுதுக்கு வருந்துகிறோம், மீண்டும் பதியவும்.
ஜெர்மன் ஒன்பது மணிக்குப் போயிற்று.
பிரெஞ்சு, திருத்த ஆளில்லாமல், பதினொன்றுக்கு.
நகலுக்குத் தாமதம் உண்டு இந்த ஊரில்.

மூன்றாவது கணு வேண்டும் என்று
மூன்று ஆண்டுகளாகக் கேட்டிருந்தேன்.
'அடுத்த பட்ஜெட்டில்' என்பார் ரேட்டோ.
இப்போது வாங்கிவிட்டார், ஒரு செருப்புப் பெட்டியளவு.
நொய்ஷாட்டெலில் இருக்கிறது.
பெயர் சாட்சி.
ஒரு வரித் தரவுகூட அதனிடம் இல்லை,
வாக்கு மட்டும் உண்டு.
இணைப்பு அறுந்தால் அது யார் பக்கமோ
அவர் தலைவர், மற்றவர் வாய்மூட வேண்டும்.

அதை நிறுவிய அன்று மாலை
நகராட்சித் தேர்தல் சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.
பன்னிரண்டு ஆண்டு இங்கே குடியிருப்பு,
ஊரின் பாதி முகவரிகள் என் விரல் நுனியில்.
எனக்கு வாக்கில்லை.
ரேட்டோவிடம் சொன்னேன். சிரித்தார்,
பிறகு சிரித்ததற்கு வருந்தினார்.

பெர்த்தூவும் ஏஷ்லிமானும் சனிக்கிழமை
ஒரே இயந்திரத்தைப் பங்கிட்டார்களாம்,
அவர் மாவுத் துணி, இவள் வெள்ளைச் சீருடை.
எனக்கு வந்த ஒரே நல்ல புகார் அது.

மற்றக் கடிதத்துக்குப் பதில் வரவில்லை.
ஏப்ரலில் மெட் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன்.
ஸூட்டர், சிறு கோடு, மொரே.
இரண்டும் அதே உயரத்தில்.
இருக்கிறார்களா என்று
கேட்கவில்லை.